மாப்பிள்ளையின் புகைபோக்கி

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்குத் தெருவில் ‘ரேடியோ அக்கா’ என்று பெயர். அவள் குரலுக்குக் கம்பியே தேவையில்லை. குடியிருந்தது டைல்ஸ் தொழிற்சாலைக்கு நேர் எதிரே, மாடியில். அங்கே மேலாளர் அவளுடைய மாப்பிள்ளை. வெளியே வெள்ளைத் துணி காயப்போடுவதை எப்போதோ விட்டுவிட்டாள். மகளுக்காக வாயையும் கட்டி வைத்திருந்தாள்.

அப்போது நாடு முழுக்க ஒரு சட்டம் வந்தது. தொழிற்சாலை எவ்வளவு தூசி கக்குகிறது என்று அளந்து, வாசலில் மின்பலகையில் காட்ட வேண்டும். எல்லை தாண்டினால் சிவப்பு எரிய வேண்டும். கீழே புகார் எண் இருக்க வேண்டும். மாப்பிள்ளை சட்டத்தை மதிப்பவர். பலகையை வைத்தார், சுவரைப் பார்த்தபடி. ஆய்வுக்கு வந்த அதிகாரி, “இதைப் பல்லியா படிக்கும்?” என்று கேட்டுத் தெருப்பக்கம் திருப்ப வைத்தார்.

மறுநாளே ஒலிபரப்பு தொடங்கியது. அக்கா பால்கனியில் நின்று தெருவுக்கே தூசி அளவை வாசித்தாள்.

மாப்பிள்ளை மாடியேறி வந்தார். “அத்தை, அதையெல்லாம் நீங்க ஏன் படிக்கறீங்க?”

“படிக்கத்தானே போட்டிருக்கீங்க, மாப்பிள்ளை? கண்ணாடி இல்லாமலே தெரியுது.”

சில நாளில் பலகைமேல் சாக்கு தொங்கியது, ‘பழுது’ என்ற அட்டையோடு. புகைபோக்கிக்குப் பழுதொன்றும் இல்லை. வழக்கம்போலக் கறுப்பாகவே மூச்சு விட்டது. சாக்கு புகார் எண்வரை எட்டவில்லை. அக்கா அழைத்தாள். அது மாப்பிள்ளையின் எண். அவருக்கு எதிரே தொழிற்சாலை முதலாளி உட்கார்ந்திருந்தார். “ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

“சாக்கு போட்டா தூசி குறையுமா?”

“அத்தை, நான் அப்புறம்...”

“அத்தைன்னு கூப்பிடாதீங்க. நான் இப்ப பொதுஜனம். எழுதிக்கங்க.”

முதலாளி சிரிக்கவில்லை. பலகை அணைந்தால் அன்றே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. “தெரிவிச்சாச்சா?” என்றார். மாப்பிள்ளை மேசையைப் பார்த்தார்.

“பதில் வரலைன்னா செய்யலைன்னு அர்த்தம். அவரை எனக்கு நல்லாத் தெரியும்” என்றது பொதுஜனம்.

அன்றே சாக்கு இறங்கியது, அரசுக்குத் தகவல் போனது. கிழிந்து கிடந்த தூசி வடிகட்டும் பைகளை மாற்றும்வரை சூளை நின்றது. மாப்பிள்ளை மாமியாரோடு பேச்சை நிறுத்தினார். கடைசியில் மகள்தான் அவரைச் சாப்பிட இழுத்து வந்தாள்.

குனிந்தபடி சாப்பிட்டவர் சொன்னார்: “முதலாளி உங்களை விசாரிச்சார், அத்தை.”

“எதுக்கு?”

“அவருக்குப் போட்டியா இன்னொரு கம்பெனி இருக்கே, அதுக்கு எதிர்ல ஒரு வீடு காலியா இருக்காம். உங்களுக்குப் பிடிக்குமான்னு கேட்டார்.”

அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?” என்று கேட்டாள்.