சிமெண்ட் குகையில் ஒரு தாழி

புதுச்சேரியில் குகை கிடையாது. மலையே இல்லாத ஊரில் குகை எங்கிருந்து வரும்? அந்தக் குறையைத் தீர்த்து வைத்த பாவி நான்தான்.

தட்டாஞ்சாவடியில் எனக்கு ஒரு பட்டறை. மாதா கோயில்களுக்குக் கெபி, அதாவது மாதா நிற்கும் குகை, கட்டிக் கொடுப்பது தொழில். கம்பி வலை கட்டி, சாக்கு ஒட்டி, சிமெண்ட் பூசி, சாம்பல் நிறம் அடித்தால் பாறை தயார். நடுவில் ஒரு மாடம், மாடத்தில் மாதா. இதை நம்பித்தான் ஒரு சரித்திரச் சங்கத்தின் தலைவர் என்னைத் தேடி வந்தார். பிரான்சில் வேலை பார்த்துத் திரும்பியவர். வார்த்தைக்கு வார்த்தை ஒரு மிஸியே, பிரெஞ்சில் 'ஐயா'.

சுற்று வட்டாரத்து நிலங்களில் கிடைத்த பாசிமணிகள், அரைக்கும் கல், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், ஒரு முதுமக்கள் தாழி, எல்லாவற்றையும் வைக்க அவருடைய தோட்டத்தில் ஒரு முஸே, அதாவது அருங்காட்சியகம், வேண்டுமாம். அது குகையாக இருக்க வேண்டுமாம்.

"குகை எதுக்குங்க?" என்றேன்.

"பழைய காலத்து ஆளுங்கன்னா குகைதானே மிஸியே!"

அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. குகை கட்டுகிறவனிடம் குகை கேட்கிறார்கள், நாம் சரித்திரம் பேசுவானேன் என்று அளவு நாடாவை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் என் கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான்.

தாழியைக் கொடுத்தவர் மேற்கே ஒரு கிராமத்தில் சவுக்குக் கொல்லை வைத்திருப்பவர். மோட்டார் கொட்டகைக்குப் பள்ளம் வெட்டும்போது கிடைத்ததாம். குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, தாழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினார். என் இடுப்பு உயரம் இருந்தது. உள்ளே மண்ணும் எலும்பும் அப்படியே கிடந்தன. விவரம் தெரிந்தவர்கள் வந்து எடுக்கட்டும் என்று அவர் விரல்கூட வைக்கவில்லை.

பாதி எழும்பிய என் குகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்ணே, இவங்க குகையிலயா இருந்தாங்க? எங்க கொல்லையில இன்னிக்கும் மம்பட்டி போட்டா செங்கல்லு வருது. வூடு கட்டி வாழ்ந்தவங்களக் கொண்டாந்து பொந்துல வெக்கறீங்களே?"

"ஊருக்குள்ள வாடகை ஜாஸ்திண்ணே," என்றேன். என் நகைச்சுவைக்கு நான் மட்டும் சிரித்தேன்.

"ஒரு பக்கம் விரிசல் இருக்கு. தண்ணி பட்டா மண்ணு ஊறிப் பொளந்துடும். நனையாமப் பாத்துக்குங்க, அது போதும்," என்றார்.

நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தாழியை மாடத்தில் ஏற்றிய பிறகு வாசலைக் கட்டினோம். ஆள் குனிந்து நுழைந்தால்தான் குகை மாதிரி இருக்கும் என்று தலைவர் சொன்னதால் அதைக் குறுக்கலாகக் கட்டினோம்.

திறப்பு விழா அன்று காலையில் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று குனிந்து உள்ளே போனேன். தாழியின் வாய்க்குள் கயிறு மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

கெபி என்றால் ஊற்று வேண்டும். பாறை இடுக்கில் குழாயைப் புதைத்து, மாடத்தின் ஓரமாகத் தண்ணீர் சொட்ட விடுவோம். எத்தனையோ வருடப் பழக்கம். நான் சொல்லவில்லை, என் பட்டறைக் கொத்தனார் கேட்கவில்லை. குழாயைப் புதைத்துத் தோட்டத்துக் குழாயோடு இணைத்தும் விட்டோம். மாடத்தை அடைத்து நிற்கும் தாழிக்குள்தான் தண்ணீர் விழும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தலைவர் வீட்டுத் தோட்டக்காரர் அன்றுதான் முதல்முறையாக அதைத் திருப்பியிருக்கிறார்.

பதற்றத்தில் மனிதன் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கத்துவான். நான் "நெருப்பு! நெருப்பு!" என்று கத்தினேன். தோட்டக்காரர் நல்ல மனிதர், குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். கட்டை விரலைக் குழாய்க்குள் திணித்தேன். தண்ணீர் என் முகத்தில் பீறிட்டது. மாதாவைக் கூப்பிட்டு ஜெபத்தை ஆரம்பித்தவன் எப்படியோ ஏழாம் வாய்ப்பாட்டில் போய் நின்றேன். ஒருவழியாகத் தண்ணீர் நின்றபோது தாழிக்குள் மண் சேறாகியிருந்தது. நூல் மாதிரி இருந்த விரிசலில் என் சுண்டு விரல் நுழைந்தது.

விருந்தாளிகளுக்காக வைத்திருந்த பொன்னாடைகளை வாரிக்கொண்டு வந்து தாழியின் வயிற்றைச் சுற்றிக் கட்டினேன். தலைவர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி சொட்டறது நல்லாத்தான் மிஸியே இருக்கு, இயற்கையா! பானை ஒடஞ்சா என்ன, பெரிய மார்க்கெட்ல பெருசா ஒண்ணு வாங்கியாந்து வெச்சுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல," என்றது அவருக்குப் பின்னால் ஒரு குரல். தாழியைக் கொடுத்த கொல்லைக்காரர். விழாவுக்காகப் புது வேட்டி கட்டி, மனைவியோடு வந்திருந்தார்.

செத்தவருக்கு இவ்வளவு பெரிய தாழி வனைந்து, சுட்டு, மரியாதையோடு புதைத்தவர்களை முதலில் குகைவாசி ஆக்கினோம். பிறகு நனைத்தோம். இப்போது அவர்களுக்குப் பதில் மார்க்கெட் பானை! தலைவருடைய தாத்தாவின் கல்லறையில் வேறு யாரையாவது படுக்க வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று அவரிடமே கேட்டுவிட்டேன். தலைவரின் முகம் செத்தது.

"வெளிய எடுங்கண்ணே," என்றார் கொல்லைக்காரர்.

எடுக்க வேண்டுமென்றால் வாசல் பற்றாது. அதைக் கட்டிய மேதையும் நானே. சம்மட்டியை எடுத்து என் பாறையை நானே அடித்தேன். தலைவர், "மிஸியே! மிஸியே!" என்று அலறினார். ஒவ்வொரு அலறலுக்கும் ஓர் அடி கூடுதலாகவே போட்டேன். சாக்கும் கம்பியும் தொங்க, குகை வாயைப் பிளந்தது. தோட்டக்காரர், கொத்தனார், கொல்லைக்காரர், நான், நாலு பேருமாகத் தார்ப்பாயில் தாங்கி வெளியே கொண்டுவந்தோம். தாழி உடையவில்லை. கீழே ஒரு சில்லு மட்டும் பெயர்ந்து வந்தது. கொல்லைக்காரரின் மனைவி அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

விருந்தாளிகளின் கார்கள் உள்ளே நுழையும்போது குட்டி யானை வெளியே கிளம்பியது. பின்னால் தாழியைக் கொல்லைக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் ஈரச் சட்டையோடு நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்குத்தான் உயிர் போனது.

அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையின் காய்ந்த மூலையில் இறக்கி வைத்தபிறகு கேட்டேன்: "அண்ணே, ஒரு நல்ல எடமா, காத்தோட்டமா ஒரு ரூம் பாக்கட்டுமா? நான் வந்து செஞ்சு தரேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க. ஆனா சிமெண்ட்டு கொண்டாராதீங்க."