சான்றிதழுக்கு ஒரு குழந்தை

திண்டிவனம் சாலையில் இருந்த கையுறைக் கம்பெனியில் வளர்மதி நான்கு வருடமாகத் தையல் மிஷின் ஓட்டினாள். செஞ்சியையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த இருநூறு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். குழந்தைகளை விட ஓர் அறை கிடையாது. வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது; அதற்கெல்லாம் முதலாளி அசையவில்லை. கையுறை வாங்கும் வெளிநாட்டுக்காரன், சமூகப் பொறுப்புச் சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர் என்றான். மூன்றே நாளில் முதலாளிக்குச் சமூகத்தின் மேல் பாசம் பொங்கிவிட்டது.

அட்டைப்பெட்டி அடைத்திருந்த அறையைக் காலி செய்து சுவரில் கிளியும் யானையும் வரைந்தார்கள். நான்கு தொட்டில்கள் வந்து இறங்கின. குழந்தைதான் இல்லை. மனிதவள அதிகாரி சிவசங்கர் வளர்மதியின் மிஷின் அருகே வந்து நின்றார்.

"உனக்கு ரெண்டு வயசுல பொண்ணு இருக்குதுல்ல? நாளைக்குக் கூட்டினு வா. கேட்டா தெனமும் இங்கதான் வுடறேன்னு சொல்லு."

"நாளைக்கு மட்டுமா சார்?"

"இன்னா கேள்வி இது? இனிமே தெனமும்தான்."

அவள் நம்பினாள். அதுவரை மகள் தமிழினியைப் பக்கத்து வீட்டில் கெஞ்சி விட்டுவிட்டு, பிள்ளை சாப்பிட்டதோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டே தைத்தவள் அவள்.

மறுநாள் சான்றிதழுக்காகச் சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர் அந்த அறையில் ஐந்து நிமிடம் நின்றார். தமிழினியின் கன்னத்தைத் தட்டிப் படம் எடுத்துக்கொண்டார். "குழந்தைய இங்க விடறதுல சந்தோஷமாம்மா?" என்றார்.

"சந்தோஷம் சார்" என்றாள் வளர்மதி. அன்று அது பொய்யில்லை.

அவர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு, முதலாளியோடு பிரியாணி சாப்பிடப் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலை கேட்டில் காவலாளி பொன்னுசாமி கையை நீட்டி மறித்தார். "பாப்பாவ உள்ள வுடக் கூடாதாம்மா." அறையில் மறுபடி அட்டைப்பெட்டிகள் ஏறியிருந்தன. "ஆடிட் முடிஞ்சிபோச்சே, சும்மா டென்ஷன் பண்ணாத" என்றார் சிவசங்கர்.

தணிக்கையாளர் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டிவிட்டுப் போன தாளில் புகார் எண் இருந்தது. வளர்மதி கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். உங்கள் பெயர் ரகசியமாக இருக்கும் என்றது தேன் போன்ற ஒரு குரல். மூன்றாம் நாள் சிவசங்கர் தன் அறையில் உட்கார்ந்து, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளுக்கே படித்துக் காட்டினார். அடுத்த வாரம் வேலை ஒப்பந்தம் முடிந்தது. இருநூறு பேரில் அவள் ஒருத்திக்கு மட்டும்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். கம்பெனி அச்சடித்த வழவழப்பான புத்தகத்தில் தமிழினி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'உழைக்கும் தாய்மாரின் கவலை தீர்த்தோம்' என்று எழுதியிருந்தது. வெட்கம் என்பது அச்சகத்தில் கிடைக்கும் பொருளல்ல.

வளர்மதி அவலூர்பேட்டையில் ஷோபனாவின் தையல் கடையில் சேர்ந்தாள். முதல் நாளே ஷோபனா கேட்டாள், "கொழந்தைய எங்க வுட்டுட்டு வந்த? நாளைலருந்து கூட்டினு வந்துடுக்கா." அதற்கு எந்தத் தாளும் அங்கே தேவைப்படவில்லை.

ஒரு வருடம் கழித்து சிவசங்கர் போன் செய்தார். "சர்டிபிகேட் புதுப்பிக்கணும். பாப்பாவ ஒருநாள் கூட்டினு வாயேன். போட்டோவுல நல்லா இருந்துச்சி."

"ஏன் சார், உங்க வூட்ல கொழந்தைங்க இல்லியா?"

"என் பையன் கான்வென்ட்ல படிக்கிறான்மா."

"அப்ப லீவு போட்டுக் கூட்டினு வந்து தொட்டில்ல படுக்க வையி" என்று போனை வைத்துவிட்டாள். நான்கு வருடம் சார் சார் என்ற வாய்க்கு அந்த 'வையி' இனித்தது.

அவர் வேறொருத்தியின் குழந்தையைப் பிடித்தார். கம்பெனிக்கு அந்த வருடமும் சான்றிதழ் கிடைத்தது.