தொட்டால் ஒட்டும் என்று சொன்னவள்

அந்தப் பெண்ணின் தோளிலிருந்த பச்சைப் பையை வெடுக்கென்று உருவித் தன் கட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டாள் பரிமளா.

"என்னக்கா?"

"கேக்காத ராசாத்தி. திரும்பிப் பாக்காத. அரியலூர் வண்டி வந்ததும் ஏறி உக்காரு. அங்க நம்ம ஜானகி நிப்பா."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உச்சி வெயில். எதிர் வரிசையில் காசிநாதன் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்ட ஆள் பிடிப்பவன். வெட்டு முடிந்ததும் ராசாத்தியைத் திருச்சியில் ஒரு லாட்ஜில் தள்ளிவிட்டு வந்தவனும் அவன்தான். அவளுக்குப் பத்தொன்பது வயது. தப்பி வந்து இருபது நாளாகப் பஸ் ஸ்டாண்டில் படுக்கிறாள். பிடிபட்டால் மறுபடி லாட்ஜ்.

அவன் முகங்களைப் பார்க்கவில்லை, பைகளைப் பார்க்கிறான் என்பது பரிமளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பை அவள் யோசனை. வீடில்லாதவர்களுக்குச் சாமான் வைக்க இடமேது, ஜிப் வைத்த பையாகக் கொடுங்கள் என்று தான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். சோப்பு, பஞ்சு, புண்ணுக்கு மருந்து, ஆணுறை. ஆறு மாதத்தில் அங்கே படுக்கிற பெண்கள் எல்லார் தோளிலும் ஒரே பச்சை. தேடுகிறவனுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்த மாதிரி.

பரிமளா பூலாம்பாடிக்காரி. லாரி கிளீனராக இருந்த கணவன் தொண்ணூற்றொன்பதில் இளைத்து இளைத்துச் செத்தான். அவன் விட்டுப்போன வியாதி அவள் ரத்தத்திலும் இருந்தது. டாக்டருக்கும், அரியலூரில் நிறுவனத்தின் பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஜானகிக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு வந்து நான்கு வருடம். ஊருக்குப் போ என்று யாரிடமும் சொல்லமாட்டாள், புத்தி சொல்லமாட்டாள். சாப்பிட்டியா, புண் ஆறுச்சா, உறை கையில இருக்கா, இவ்வளவுதான் கேட்பாள். ஒன்றில் மட்டும் பிடிவாதம். வியாதியைச் சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது. தொட்டால் ஒட்டாது என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள்.

காசிநாதன் வந்து நின்றான்.

"என்னடி, சித்தப்பன் ஊரெல்லாம் தேடுறேன், நீ இங்க வெயில் காயுறியா? வா, வூட்டுக்குப் போவலாம்." ராசாத்தியின் கையைப் பிடித்தான்.

"சித்தப்பா எந்த ஊருங்க?" என்றாள் பரிமளா.

"பாருய்யா, டீச்சரம்மா அட்டென்டன்ஸ் எடுக்குறாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். கரும்புச்சாறு விற்ற பெரியவர், "பெத்தவங்க தவிச்சுக் கெடப்பாங்க, போ தாயி," என்றார். ராசாத்தி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான். செருப்பு ஒன்று கழன்றது. அரியலூர் வண்டி உள்ளே திரும்பியது.

பரிமளா எழுந்து அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எனக்கு எய்ட்ஸ் இருக்கு. இவளுக்கும் இருக்கு," என்றாள். சந்தையில் விலை சொல்கிற குரல். "தொட்டா ஒட்டிக்கும். என் கையில புண்ணு வேற. நல்லாப் புடிச்சுக்கங்க சித்தப்பா, விட்றாதீங்க."

விட்டான். உதறிய கையை வேட்டியில் துடைத்தான். கூட்டம் நாலடி பின்வாங்கியது. பெரியவர் கண்ணாடி டம்ளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இடைவெளி வழியாக ராசாத்தி ஒற்றைச் செருப்போடு போய் பஸ்ஸில் ஏறினாள். காசிநாதன் படிக்கட்டுவரை போனான். "சீக்குப் புடிச்ச நாயிங்க," என்று துப்பினான். ஏறவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு பரிமளா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் உத்திராபதி கதவைத் தட்டி, மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பொதுக்குழாயில் பரிமளாவின் குடத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு ஜானகியின் போன் வந்தது. ராசாத்தி பத்திரமாக இருக்கிறாள். ஆனால் முன்பு புண்ணுக்குப் பரிமளா கட்டுப் போட்டுவிட்ட தன் காலை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள், தனக்கும் ஒட்டியிருக்கும் என்று அழுதாள், தனித் தட்டு கேட்டாள்.

"நீதான் சொன்னியாமே, தொட்டா ஒட்டும்னு."

"ஆமா. வரேன்."

பத்தே காலுக்கு பஸ் ஏறினாள். பதினொன்றரைக்கு அரியலூரில் ராசாத்திக்கு எதிரே உட்கார்ந்து, நேற்றுச் சொன்னது பொய், தொட்டால் ஒட்டாது என்று முதலிலிருந்து சொன்னாள். ராசாத்தி கேட்டுக்கொண்டாள். சாப்பிடும்போது தன் தட்டைப் பரிமளாவின் தட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டாள்.