துர்தாகுனின் பர்மிட்

நாரின் பகுதி மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்கு நிலக்கரி போடுபவர் துர்தாகுன். வருடம் தவறாமல் முறைப்படி பர்மிட் வாங்கி, இலையுதிர் காலத்தில் ஒரே ஒரு மலையாட்டுக் கிடாவைச் சுடுவார். ஊரில் பர்மிட்டோடு வேட்டைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். அதுவே அவருக்கு வினையாயிற்று.

தப்பாகச் சுட்டவனெல்லாம் அவர் பர்மிட்டைக் காட்டித் தப்பிக்கலாம் என்று அவரிடம் வந்து நின்றான். பனிமூட்டத்தில் பக்கத்து வீட்டுக் கழுதையைச் சுட்டவன்கூட யோசனை கேட்டு வந்தான். ஒருவன் தடைக்காலத்தில் சுட்டுவிட்டு, வாயடைக்க ஒரு தொடையை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டுக் கதவிலேயே மாட்டிவிட்டு வந்தார்.

அந்த வருடம் வந்தவன் அவர் மனைவியின் தம்பி கெல்திபெக். நண்பகலில் கொதிகலன் அறைக்குள் நுழைந்து, இளங்கிடா என்று நினைத்து, சுடக்கூடாத பெட்டையைச் சுட்டுவிட்டதாகச் சொன்னான்.

"செத்துச்சா?" என்று கேட்டார் துர்தாகுன்.

"தெரியல அத்தான். பாறைக்குப் பின்னால போயிருச்சு. பயத்துல வந்துட்டேன்."

கரி அள்ளும் வாரியைக் கீழே போட்டார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே குதிரையில் சேணம் கட்டினார். வழியெல்லாம் அவன் முகத்தையே பார்க்கவில்லை. ஓடையோரம் இடுப்பு உடைந்து கிடந்தது ஆடு. உயிர் இருந்தது. சற்று மேலே குட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. துர்தாகுன் கிட்டே போய் ஒரே தோட்டாவில் அதன் வேதனையை முடித்தார்.

கெல்திபெக் மெதுவாக ஆரம்பித்தான். "உங்க பர்மிட் சும்மாதானே இருக்கு. தலைய ஆத்துல போட்டுட்டா, கிடாவா பெட்டையான்னு யாருக்குத் தெரியும்?"

"என் பர்மிட் என்ன சந்தைக் குதிரையா, ஆளாளுக்கு ஏறிப் பாக்க? தூக்கு. வனக்காவலர் வீட்டுக்குப் போறோம். நீயே உன் வாயால சொல்ற."

வனக்காவலர் அசனாலி சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார். தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டவனை அவர் அதுவரை கண்டதில்லை. குதிரைமேல் கிடந்த ஆட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கொண்டுபோய் சமைச்சுச் சாப்பிடுங்கய்யா. எனக்கெதுக்கு எழுத்து வேலை?"

துர்தாகுனுக்கு வந்த எரிச்சலில், குற்றவாளி யார் என்பதே மறந்துபோனது. எழுதி முடிக்கிறவரை அந்த வாசற்படியை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அசனாலி புலம்பியபடியே எழுதினார். கெல்திபெக்குக்கு அபராதம் விழுந்தது. அவன் துப்பாக்கியும் கொஞ்ச காலத்துக்குப் பறிபோனது.

வீட்டில் மனைவி அனார்குல் அவருக்கு டீ ஊற்றவில்லை.

"என் தம்பியக் காட்டிக் குடுத்துட்டு வந்து டீ கேக்கறீங்களா?"

"அவனே சொன்னான். நான் கூடத்தான் போனேன்."

"பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனீங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க மாமியார் வீட்டு விருந்து எதற்கும் அவருக்கு அழைப்பில்லை.

அதற்குப் பிறகு பர்மிட் கேட்டு யாரும் வரவில்லை. நிம்மதி என்று நினைத்தார். ஆனால் இப்போது, அவன் சுட்டான், இவன் சுட்டான் என்று அடுத்தவனைப் போட்டுக்கொடுக்க வரத் தொடங்கினார்கள். "காவலர் வீடு எங்கேன்னு தெரியும்ல? அங்க போய்ச் சொல்லுங்க" என்று கத்தியே அவர் தொண்டை கட்டியது.

துப்பாக்கி திரும்பக் கிடைத்ததும் கெல்திபெக் வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தூரக்கண்ணாடியை இரவல் தரமுடியுமா என்று மட்டும் கேட்டான். இத்தனை நாளும் கண்ணாடி இல்லாமலா சுட்டுக்கொண்டிருந்தாய் என்று அவனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்.