கீரையைக் காப்பாற்றப் புறப்பட்ட கட்சி

என் கணவரின் கட்சி மரம், ஏரி, காற்று என்று பேசுகிற கட்சி. கூட்டம் போட்டால் ஆளுக்கு இரண்டு நாற்காலி மிஞ்சும். பிளாஸ்டிக் கப் கூடாது என்பதால் டீ குடிக்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவர வேண்டும். டம்ளரும் கையுமாக வந்து அரசியல் கேட்க எங்கள் ஊர் சந்தாபுராவில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? இரண்டு முறை புரசபை என்கிற நகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். மூன்றாம் முறை நின்றபோது, இதிலும் தோற்றால் கொடியை மடித்து வைத்துவிட்டுப் பழையபடி வேலைக்குப் போய்விடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்தார். அவர் ஜெயிக்க வேண்டும் என்று நான் எந்தச் சாமியையும் கேட்கவில்லை.

அவர் கன்னடக்காரர். நான் ஜீவனஹள்ளியில் பிறந்த தமிழச்சி. எங்கள் தெருவில் பாதிப் பேர் தமிழர்கள். எல்லோருக்கும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. "கன்னடத்துலயே பேசுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சும்னிரு, சும்மா இரு. உங்க ஜனங்ககிட்ட உங்க பாஷையிலதான் பேசணும்" என்றார்.

கன்னடத்தில் ஏரிக்குக் கெரே என்று பெயர். அதைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் தமிழாகிவிடும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். எங்கள் தெருக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கீரையைக் காப்பாத்தணும். கீரையில சாக்கடை விடறாங்க. பாதிக் கீரையை வளைச்சு வீடு கட்டிட்டாங்க. சின்ன வயசுல நான் இந்தக் கீரையிலதான் நீச்சல் கத்துக்கிட்டேன்."

தெருவே குலுங்கிச் சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவரோ பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்கப் பேசினார்.

மறுநாள் சிரிப்பு அடங்கிவிட்டது. சாக்கடை என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. ஒருத்தியும் கீரை வாங்கவில்லை. கீரைக்கார அம்மா நிறைந்த கூடையோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டாரே."

என் கணவர் பதறிப்போய்க் கூடையோடு வாங்கிக்கொண்டார். தேர்தல் வரை தினமும் இதே கதை. மசியல், கூட்டு, பொரியல், வடை என்று தின்று மாளவில்லை. அலசிய கீரையை வடியவிட வீட்டில் துணி போதாமல் கட்சிக் கொடியை எடுத்துக்கொண்டேன்.

தோற்றார். அன்று மாலை கீரைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நின்று தமிழைத் திருத்தித் தர, மன்னிப்புக் கேட்டார். சாக்கடை விடுவது கீரையில் இல்லை, ஏரியில் என்று விளக்கினார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நான் கீரை எடுக்கற தோட்டம் ஏரிக்கரையிலதாம்மா இருக்குது. அதுக்கு வேற ஏது தண்ணி?"

தேர்தல் வரை அத்தனையையும் தின்றது நாங்கள்தான். இத்தனை வருடம் ஏரி ஏரி என்று தொண்டை கிழியப் பேசிய மனிதருக்கு இது தோன்றவே இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

அவர் சொன்ன சொல் தவறாமல் வேலை தேடத் தொடங்கியிருந்தார். அப்போது ஒருநாள் அந்த அம்மா இடுப்பில் கூடையோடு, தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்.

"புரசபைக்குப் போறோம். அங்க இருக்கற ஆபீசரு இந்தக் கீரையை ஆக்கி ஒரு வாய் தின்னட்டும், நாங்க பேசாம திரும்பிடறோம். ஐயா கொடி புடிச்சுக்கிட்டு முன்னால வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர் அல்லவா. கட்சிக் கொடி துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நானே போய் எடுத்து, உதறி, அவர் கையில் கொடுத்தேன்.

"போயிட்டு வாங்க. பேசறதை மட்டும் அந்தம்மா பாத்துக்குவாங்க."