இரட்டைக் கார்புரேற்றர் விற்ற விபரம்

விற்கும் பொருளைப் பற்றி எழுத்தில் கொடுக்கும் விபரம் உண்மையாக இருக்கவேண்டும் என்பது விதி. பழையதைப் புதியதென்று சொல்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது அது. புதியதைப் பழையதென்று எழுதும் ஒருவர் எங்கள் ஊரான சுருவிலில் இருப்பார் என்று சட்டம் வரைந்தவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். ஆயுள் முழுக்கக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த நானே அப்படி இன்னொருவரைக் கண்டதில்லை.

அவர் என் மாமா. தெற்கே காலித் துறைமுகத்தில் கடை வைத்திருந்த காலத்தில், தன் மொரிஸ் மைனருக்குப் பந்தய வேகம் கொடுக்கும் இரட்டைக் கார்புரேற்றர்களை ஒரு கப்பல்காரனிடம் பெட்டியோடு வாங்கினார். கடையை மூடி ஊருக்கு வந்தபோது காரும் வந்தது, பெட்டியும் வந்தது. கார் வாடகைக்கு ஓடியது. பெட்டி அலுமாரிக்குள் இருந்தது. காரில் பூட்டினால் பெற்றோல் குடிக்கும். அத்தோடு எங்கள் வீதியில் கார் வேகமெடுப்பதற்குள் கடல் வந்துவிடும்.

மாமிக்கு ஒரு தையல் மெசின் வேண்டும். அது வருவதற்குப் பெட்டி போகவேண்டும். கொழும்பில் கார்ப் பந்தயக்காரர் சிலர் இப்படியான சாமான் தேடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் வந்ததும் மாமாவைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார் மாமி.

“இஞ்சாருங்கோ, ஒருநாளும் பூட்டேல்லை எண்டு வடிவா எழுதுங்கோ.”

“ஓம், எழுதுறன்.”

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. கொன்வென்றில் படித்த எனக்குப் பத்து வயது. வந்த பதிலை நான்தான் வாசித்தேன்.

“மாமா எழுதினபடி பாவிச்ச சாமானாம். வேண்டாமாம்.”

“ஆர் பாவிச்சது, கரப்பானோ?” என்றார் மாமி.

“இங்கிலீசிலை அப்பிடித்தான் எழுதுறது,” என்றார் மாமா.

“அப்ப இனி இவள் எழுதட்டும். இவளின்ரை இங்கிலீசு பொய் சொல்லுற அளவுக்குக் காணாது.”

கொப்பியில் நாலு தாள் பழுதாகும்வரை மாமி என்னை எழும்ப விடவில்லை. கார்புரேற்றர் என்பதற்கு எழுத்துக் கூட்டத் தெரியாமல் முழித்தேன். முற்றத்தில் நின்ற மாமா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பிறகு யன்னலடிக்கு வந்தார்.

“கடைசியிலை ஒண்டு கேள், பிள்ளை. எந்த வீதியிலை ஓடப்போறியள் எண்டு.”

விற்பவர் கேட்கத் தேவையில்லாத கேள்வி. மாமியைப் பார்த்தேன்.

“எழுது,” என்றார்.

பதில் இல்லை. மாதம் ஒன்றாக மூன்று நினைவூட்டல்கள் எழுதுவித்தார் மாமி. அதுதான் முறை என்பது உத்தியோகத்தில் சேர்ந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

கடைசியில் தபால்காரர் ஒரு நீளக் கடித உறையோடு வந்தார். முதல் பந்தியில், வாங்குகிறோம், அனுப்புங்கள் என்றிருந்தது. இரண்டாவது பந்தி மாமாவுக்கு. நுவரெலியாப் பக்கத்து மலை வீதியில் ஓடப்போகிறார்களாம். வளைவுக்கு மேல் வளைவாம். விடியலில் ஓடினால் முன்னால் பனிப்புகார் தவிர ஒன்றும் தெரியாதாம். மாமா காரின் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டபடி நின்றார்.

“அந்த ரெண்டாவதைத் திருப்பி வாசி. பலமா,” என்றார் மாமி.

வாசித்தேன்.

“இன்னொருக்கா.”

மாமிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் தரமும் சத்தம்போட்டு வாசித்தேன். மாமியின் பார்வை என்னில் இல்லை, பொனற்றடியில் இருந்தது.