ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஏழைப் பெண்களைத் தங்கவைத்து இலவசமாக நர்சிங் உதவியாளர் பயிற்சி தரும் ஒரு விடுதிக்கு ஆள் தேர்வில் உதவி வந்தேன். விண்ணப்பித்தவர்களின் வீட்டுக்கே போய், நிஜமாகவே ஏழைகள்தானா என்று பார்த்து எழுத வேண்டும்.

கார்டன் ரீச் பகுதியில் ரேவதியின் வீடு ஒற்றை அறை. மூலையில் ஆளுயர ஃப்ரிட்ஜ். அதிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, படிவத்தில் ‘வசதியுள்ள குடும்பம்’ என்று எழுதினேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து லேக் மார்க்கெட்டில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் அவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னேன்.

“வயசு தாண்டிடுச்சு மாசி,” என்றாள், சித்தியை வங்காளத்தில் அழைக்கும் சொல்லால். “அந்த ஃப்ரிட்ஜ் காயலான் கடையில எடுத்தது, ஓடாது. எலிக்குப் பயந்து அரிசி பருப்பெல்லாம் அதுலதான் வைப்போம்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீங்கதான் தண்ணி குடிச்சீங்களே. தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

அவள் கோபப்படவில்லை. அடுத்த தட்டை எடுத்தாள்.

அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. குடிக்கும்போதே எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை. அன்று இன்னும் நான்கு வீடு பார்க்க வேண்டியிருந்தது.